அத்தை மடியில் பீஸ் கட்டை

த்ரீ பேஸ் லைன் இழுத்தே தீருவது என்று நான் முடிவெடுத்தபோது, ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டில் இருந்தது மூன்று பல்பும் ஒரு ஃபேனும்தான். இந்த வீட்டுக்கு எதற்கு அவ்வளவு கரண்ட் என்று தெருவே கேட்டது. நாங்கள் த்ரீ பேஸ் வாங்கிவிட்டால் மற்ற வீட்டு பல்பெல்லாம் மங்கிவிடும் என்று எதிர்வீட்டுக்காரர் வேறு சொல்லிக்கொண்டு திரிந்தார். உங்கள் வீட்டு பல்பு மங்கலாக எரிவது அதை நீங்கள் துடைக்காததால்தான் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். எனக்கு அப்போதும் வாய் நீளம்தான்.

இது எண்பதுகளின் தொடக்கம். கல்யாணத்துக்கு முன்பும் பின்புமாக நான்கு வருஷம் கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து ஓடவிடுகிற வேலை. நான் கட்டிய மோட்டார் ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறெதற்கு? குழந்தை பிறந்த பிறகு இரண்டு பஸ் மாறிக் கப்பலூர் போய்வர முடியவில்லை. வீட்டு முன்னறையிலேயே தொழிலைத் தொடங்கினேன். செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரிகள் கிணற்று மோட்டாரை பஸ்ஸில் ஏற்றி வந்து ஆரப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் இறக்குவார்கள். எங்கள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

சிக்கல் எங்கே என்றால், கிணற்று மோட்டாரெல்லாம் த்ரீ பேஸில் ஓடுபவை. எங்கள் வீட்டில் இருந்ததோ பல்பு எரிக்கிற சாதாரண லைன். கட்டி முடித்த மோட்டாரை ஓட்டிப் பார்க்காமல் ஒருவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வராது. அதைக் கப்பலூருக்கு அனுப்பி, பழைய கம்பெனியில் ஓட்டிப் பார்த்து, திரும்ப வருவதற்குள் ஒரு நாள் முழுசாகப் போய்விடும். பயிர் வாடிக்கொண்டிருக்கும்போது எந்தச் சம்சாரி காத்திருப்பார்? வந்தவர்களில் பாதிப் பேர் வேறு கடையைப் பார்த்துப் போனார்கள். த்ரீ பேஸ் வந்தால் என் தொழில் நிலைக்கும், வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வீடு என் மாமியார் பேரில் இருந்தது. மனுவில் அத்தைதான் கையெழுத்துப் போட வேண்டும். என் மாமனார் கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்கும்போது கரண்ட் அடித்து இறந்துபோனவர். அதன் பிறகுதான் அத்தை நிலத்தை விற்றுவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தார். அந்தச் சாவு எப்படி நடந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பல்பு சுவிட்சைக்கூட மரக்கரண்டிக் காம்பால் தட்டித்தான் போடுவார். புதுப்பெண்ணாக வந்த நாளில் அதைப் பார்த்து நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதம் நானும் பேசிப் பார்த்தேன். அத்தை மனுவைத் தொடவேயில்லை. கடைசியில் ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, என் மகன் அந்த வயரைத் தொடுவானா என்று கேட்டார். மாட்டார், நான் மட்டும்தான் தொடுவேன் என்றேன். நீ மட்டும் என்ன இரும்பிலா செய்த உடம்பு என்று முணுமுணுத்தபடி மனுவை வாங்கினார். கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“ஓட்டுற மொத நாளு ஏதாச்சும் ஏறுக்குமாறா ஆச்சுன்னு வையி, அம்புட்டு வயரையும் அவுத்துக் குடுத்துரணும். அதுக்கப்புறம் பேச்சு கெடையாது.”

சரி அத்தை என்று சட்டென்று சொல்லிவிட்டேன். என் கைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

என் கணவர் தல்லாகுளம் மின்வாரிய ஆபீசுக்கு நடையாய் நடந்து மனுவை நகர்த்தினார். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் வந்து வயரிங் செய்தார். கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் குழாய் இறக்கினார்கள். கம்பத்திலிருந்து லைன் வந்தது, முன்னறைச் சுவரில் மீட்டர் ஏறியது, அதன் கீழே இரும்பு மெயின் பெட்டி. அதற்கு நானே சந்தனம் குங்குமம் வைத்தேன்.

முதலில் ஓட்டியது உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி ஒருவரின் ஐந்து எச்.பி. பம்புசெட். வெள்ளிக்கிழமை காலை, எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் ஆயிற்று. வாசலில் எதிர்வீட்டுக்காரரோடு சேர்த்து ஏழெட்டுப் பேர். அத்தை அடுப்படி வாசற்படியில் நின்றார். மெயினைப் போட்டு ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அமுக்கினேன். மோட்டார் ஒரு உதறலும் இல்லாமல் சீராக எடுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அந்தச் சம்சாரி குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“தாயி, இது திருப்பியில்ல சுத்துது. தண்ணி ஏறாதே.”

பம்பின் மேல் சிவப்பில் போட்டிருந்த அம்புக்குறி ஒரு பக்கம், மோட்டார் சுற்றுவது மறுபக்கம். முதல் சுற்றே தலைகீழா, வீட்டுக்கு ஆகாதே என்று எதிர்வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். ஆகாததும் இல்லை, சகுனமும் இல்லை. த்ரீ பேஸில் மூன்று வயர் மோட்டாருக்குப் போகிறது. அதில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிக் கொடுத்தால் சுற்று திரும்பிவிடும், அவ்வளவுதான். கப்பலூரில் யாரோ எப்போதோ அதைச் சரிபார்த்து வைத்திருந்தார்கள். நாமும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தப்பு என்னுடையது.

இரண்டு நிமிஷ வேலை. இத்தனை பேர் முன்னால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்டார்ட்டரின் சிவப்புப் பட்டனைத் தட்டி நிறுத்தினேன், ஸ்பேனரை எடுத்தேன், மோட்டாரின் வயர் பெட்டியைத் திறந்து உள்ளே கையைக் கொண்டுபோனேன். அத்தை எப்போது வந்தார் என்று தெரியாது. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். அவுத்துரு, எல்லாத்தையும் அவுத்துரு என்றார். திருப்பிச் சுற்றுவது சகுனமில்லை அத்தை என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் மோட்டாரைப் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரும் இப்பிடித்தான் ஸ்டார்ட்டர நிப்பாட்டிட்டேன்னு சொல்லிட்டுக் கெணத்துக்குள்ள எறங்குனாரு. கரண்டு வந்துருச்சுன்னு மேல எவனோ பட்டன அமுக்கிட்டான்.”

அத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர் அதைச் சொன்னார். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். மெயினை இறக்காமல் எதையும் தொடாதே என்பது கப்பலூரில் எனக்கு முதல் நாளே சொன்ன பாடம். ரோஷத்தில் அதை மறந்துவிட்டேன். பட்டனுக்குப் பக்கத்திலேயே எதிர்வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போய் மெயின் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கினேன். வெள்ளைப் பீங்கான் கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய கம்பி. கரண்ட் அந்தக் கம்பி வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அவற்றை அத்தையிடம் நீட்டினேன்.

“இத நீங்க வச்சுக்கங்க அத்தை. இது உங்ககிட்ட இருக்குற வரைக்கும் யாரு எந்தப் பட்டன அமுக்குனாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது.”

சுவிட்சைத் தொடாத அந்தக் கை வெகுநேரம் தயங்கியது. பிறகு மூன்றையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி முறுக்கினேன். கட்டைகளைக் கேட்டபோது, கையை எடுத்துவிட்டாயா என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் கொடுத்தார். மோட்டார் அம்புக்குறிப்படி சுற்றியது. சம்சாரிக்கு வாயெல்லாம் பல். எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டு பல்பைப் பார்க்கப் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகும் அத்தை எழுந்திருக்கவில்லை. அந்தக் கட்டையில் ஒன்றை மறுபடி காட்டு என்றார். மெயினை இறக்கி எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இம்புட்டுத்தானா? இத எங்கிட்டக் குடுத்துட்டு எறங்கிருக்கலாம்ல அந்த மனுசன்.”

சொல்லிவிட்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வயரை அவிழ்ப்பது பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

அந்த முன்னறையில் நான் எத்தனையோ மோட்டார்களைக் கட்டி ஓட்டிவிட்டேன். பல்பு சுவிட்சை மட்டும் அத்தை கடைசிவரை மரக்கரண்டியால்தான் தட்டினார். ஆனால் நான் ஸ்பேனரை எடுக்கிற சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு வந்து, மெயின் பெட்டிக்குக் கீழே மடியை விரித்து உட்கார்ந்துவிடுவார்.