களத்தில் வந்த கிறிஸ்மஸ்

கொரோனா வந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு அண்ணன் வரவேண்டாம் என்று நான்தான் போன் போட்டுச் சொன்னேன். அப்பாவுக்குப் புற்றுநோய். கீமோ நடந்துகொண்டிருந்தது. "சாதாரண சளியே தாங்கமாட்டார், வெளியாள் யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சென்னையில் இருந்த அண்ணனுக்கு ஊரடங்கில் பெண் குழந்தை பிறந்திருந்தது. பேத்தியை அப்பா செல்போனில்தான் பார்த்திருந்தார்.

"இன்னா பேசற நீ? என் வூட்டுக்கு நான் வரக்கூடாதா?" என்றான் அண்ணன்.

"உன் வூடுதாண்ணா. ஆனா அப்பா இருக்கணும் இல்ல?"

பட்டென்று வைத்துவிட்டான். அம்மா முறுக்கு மாவை அப்படியே மூடிவைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் ஊர் பாகூரில் சர்ச்சின் பங்குச் சாமியாருக்குப் போன் செய்தேன். "நான் பண்ணது பாவமா சாமி?"

"இன்னாம்மா பாவம்? உங்கப்பாவக் காப்பாத்தத்தான சொன்ன?" என்றார். "மொத கிறிஸ்மஸ்லயும் உள்ள எடம் இல்ல. ஆண்டவரே வெளியதான் பொறந்தாரு. அதனால சந்தோஷம் கொறஞ்சிடுச்சா?"

வெளிய! அந்த ஒரு வார்த்தையிலேயே என் மனசு நின்றது. செருப்பைக்கூட மாட்டாமல் பக்கத்து வீட்டு மாமாவிடம் ஓடினேன். அவர்களுக்குக் குருவிநத்தம் போகிற வழியில் வயலும் பெரிய களமும் உண்டு. அறுப்பு வரும்வரை களம் காலிதான்.

"மாமா, கிறிஸ்மஸ் அன்னிக்கு உங்க களத்த எங்களுக்குக் குடுப்பீங்களா?"

விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு என்னைவிடப் பரபரப்பு. "அந்தாண்ட கோடியில காரு நிக்கட்டும், இந்தாண்ட உங்கப்பா ஒக்காரட்டும். நல்லா காத்து வரும்டி!"

அண்ணனிடம் சொன்னேன். "காத்தால எத்தினி மணிக்கு வரட்டும்?" என்றான்.

கிறிஸ்மஸ் காலையில் போய்ப் பார்த்தால் களம் முழுக்கச் சாணி தெளித்து, நடுவில் மாமி பெரிய நட்சத்திரக் கோலம் போட்டிருந்தார்! அப்பா புதுச் சட்டை, இரண்டு மாஸ்க், முடி கொட்டிய தலையை மறைக்கக் குல்லா என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புழுதி கிளப்பிக்கொண்டு கார் வந்ததும் எழுந்துவிட்டார். அண்ணன் குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். அப்பா கோலத்தைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார்.

"அப்பா, அங்கியே நில்லு!" நானும் அண்ணனும் ஒன்றாகக் கத்தினோம்.

நின்றார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சட்டென்று குல்லாவைக் கழற்றித் தலையை ஆட்டினார். "யம்மாடி, உனக்கும் மொட்ட, எனக்கும் மொட்ட!"

குழந்தை அவரையே பார்த்தது. பிறகு களமே அதிர்கிற மாதிரி கெக்கெக்கே என்று சிரித்தது. அண்ணி சிரித்தாள், அம்மா அழுதுகொண்டே சிரித்தாள், வரப்பில் நின்ற மாமாவும் மாமியும் கைதட்டினார்கள். யாரோ பாட்டு எடுத்தார்கள். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாகச் சத்தம் போட்டுப் பாடினோம். பிரியாணித் தூக்கை அம்மா கோலத்தின் நடுவில் வைத்துவிட்டுத் திரும்பினாள், அண்ணன் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

கீமோ முடிந்து, இரண்டாம் அலையும் ஓய்ந்த பிறகுதான் அப்பா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். அன்று சாப்பிடக்கூட அவளைக் கீழே இறக்கிவிடவில்லை.