மாஸ்டர் வூட்டுக்கு எந்த எண்ணெ?

அடுப்பு விக்கிறவன் பொழப்பு இன்னான்னா, வாங்குற வரைக்கும் "வாங்க தம்பி", வாங்குன பிறகு பருப்பு வேவலன்னா கூட "எங்கடா அவன்". சிலிண்டர் தீந்துபோச்சான்னு ஆட்டி ஆட்டிப் பாக்குறவங்களே, வெறகு ஊதி கண்ணு செவந்தவங்களே, நானும் உங்க ஆளு தான். மரத்துலயும் கரும்புலயும் எடுக்குற எண்ணெயில எரியுற அடுப்புங்கள மொபட்ல கட்டிக்கினு கள்ளக்குறிச்சி பூரா சுத்துறவன்.

தெரசாக்கா கேட்ட அடுப்பு

கருணாபுரத்துல தெரசாக்கா வூட்டுக்காரரு அந்தோணி அண்ணன். டீக்கட மாஸ்டரா இருந்தவரு. அந்தப் பாக்கெட் சாராயம் வந்து தெருவையே வாரிக்கினு போச்சே, அப்ப அவரு உசுரு பொழச்சிது, கண்ணு பொழைக்கல. அக்கா கரும்பு வெட்ட மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய்டுவாங்க. ஊருக்கே டீ ஊத்துனவரு ஒரு கிளாஸ் டீக்கு அக்கா வர்ற வரைக்கும் செவுத்துல சாஞ்சிக்கினு கெடப்பாரு.

"கேஸ் வச்சிக் குடேன்க்கா"ன்னேன். "கேஸத் தொறந்து வுட்டுட்டு தீக்குச்சி தேடுவாருடா, நான் வந்து கூரையத் தான் தேடணும்"னாங்க. அப்புறம் அவரு காதுல வுழாம மெதுவா சொன்னாங்க: "அவரே பத்த வச்சி அவரே அணைக்குற மாரி ஒண்ணு குடு. இருக்குற உசுரயும் புடுங்கிக்கினு போய்டாத."

மலையில சோறு எறங்கல

மொதல்ல இலுப்பெண்ணெ. கல்வராயன் மலையில எனக்கு எண்ணெ ஆட்டிக் குடுக்குற கோவிந்தன் வூட்லயே அடுப்ப வச்சி சோதிச்சேன். அவரு மரவள்ளிக் காட்டுக்குப் போயிருந்தாரு. அவரு பொஞ்சாதி என்ன எண்ணென்னு கேக்காமலே ஒல வச்சாங்க. தீ மஞ்சளா, ஆடாம அசையாம எரிஞ்சிது. சோறும் வெந்துது. நான் ஒரே குஷி, ரெண்டு கை அள்ளி வாயிலயும் போட்டுட்டேன்.

திரும்பிப் பாக்குறேன், எண்ணெ வாசன புடிச்சிக்கினு வந்து வாசல்ல கோவிந்தன். உள்ள வரல. தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து கையில புடிச்சிக்கினு நிக்கிறாரு. பின்னால அக்கம்பக்கத்து ஆளுங்க. அந்த வூட்ல இலுப்பெண்ணெய பொணத்து தலமாட்டு வெளக்குக்கு மட்டுந்தான் எடுப்பாங்களாம். எனக்கு யாரு சொன்னா? வாயில வச்ச சோறு எறங்கல. கோவிந்தன் பொஞ்சாதியப் பாக்குறாரு, என்னப் பாக்குறாரு, கேக்குறாரு: "உள்ள யாரு படுத்திருக்குறது?"

கேன் மூடி

அடுத்தது கரும்புக் கழிவுலேர்ந்து எடுக்குற ஸ்பிரிட்டு. பொக இல்ல, கரி இல்ல, சத்தம் இல்ல. நாங்க ஒசத்தின்னு சொல்லி விக்கிறது இது தான். தெரசாக்கா தெரு மொனையில, கொழாயாண்ட நின்னு, அடுப்புல ஊத்திக்கலாம்னு கேன் மூடியத் தொறந்தேன், அவ்ளோ தான். தண்ணி புடிச்சிக்கினு சண்ட போட்டவங்க அப்படியே நின்னுட்டாங்க. கொடம் ரொம்பி வழியுது, யாரும் நவுத்தல. ஒரு கதவு சாத்துச்சி. அப்புறம் இன்னொண்ணு. பட்டப்பகல்ல தெரு பூரா சாத்திக்கினே போவுது.

"எக்கா, குடிக்கிறது இல்லக்கா, அடுப்புக்கு"ன்னு பல்ல காட்டுனேன். ஒரு அம்மா மட்டும் நின்னாங்க. சொன்னாங்க: "மூடு தம்பி. அந்த வாசன வந்தா நாங்க வூட்ல இருக்குற ஆள எண்ணிப் பாப்போம்."

அணைஞ்சி போன அடுப்பு

நான் தான் வெக்கங்கெட்டவனாச்சே, அப்பயும் கேனோட தெரசாக்கா வூட்டுக்குப் போய்ட்டேன். பின்வாசல் வழியா வெயிலு நேரா அடுப்பு மேல. பத்த வச்சேன். கொஞ்ச நேரத்துல குனிஞ்சி பாத்தா தீயக் காணோம். "காத்துல அணைஞ்சிடுச்சிக்கா, எண்ணெ கம்மி போல"ன்னு கேன சாய்க்கப் போனேன்.

"ஊத்தாத. எரியுது."

செவுத்தோரமா ஒக்காந்திருந்த அண்ணன். எனக்கு சிரிப்பு வந்துது. ரெண்டு கண்ணு எனக்கு, ரெண்டு கண்ணு அக்காவுக்கு, நாலுக்கும் ஒண்ணும் தெரியல. "மூஞ்சில சூடு அடிக்குதுடா, தள்ளு"ன்னாரு. அக்கா ஒரு தென்னங்கீத்துத் துண்ட அடுப்புக்கு மேல நீட்டுனாங்க. ஒண்ணுமே இல்லாத எடத்துல அது குப்புன்னு புடிச்சிக்கிச்சி. என் கையில கேன் மூடி இல்லாம இருக்குது. அண்ணன் மெதுவா சொன்னாரு: "அன்னிக்கும் அப்படித்தான்டா. பாக்க தண்ணி மாரியே இருந்துச்சி."

புங்கெண்ணெ

கடைசியா, யாருமே வாங்காத புங்கெண்ணெ பம்ப் அடுப்பு. கசப்பு நாத்தம். எரிஞ்சா சீறும், ரெண்டு வூடு தள்ளிக் கேக்கும். அண்ணன் அதத் தடவிப் பாத்தாரு. டீக்கடையில பம்ப் அடிச்ச கையி, மறக்கல. எண்ணெத் துணிய பர்னருக்கு அடியில இருக்குற கிண்ணத்துல கொளுத்தி, சூடு ஏறுறத காதால கேட்டு, சரியா பம்ப் அடிச்சாரு. காத்தத் தொறந்து வுட்டாரு, தீ அணைஞ்சி சத்தம் நின்னுது. மறுபடி பத்த வச்சாரு. அக்கா அன்னிக்கு வேலைக்குப் போவாம, அவரு கைய வுட்டுக் கண்ண எடுக்கல.

அப்புறம் ஒரு நாளு மதியானம் அந்தப் பக்கம் போனேன். அக்கா கரும்புக்குப் போய்ட்டாங்க. தெரு மொனையிலயே சீறல் கேக்குது. கதவுங்க எல்லாம் தொறந்து கெடக்குது. அன்னிக்கு மூடச் சொன்ன அந்த அம்மா கொழாயாண்ட நின்னுக்கினு, "மாஸ்டரு டீ போடுறாரு"ன்னாங்க. "இந்த நாத்தமும் சத்தமும் தொல்லையா இல்லியாம்மா?"ன்னு கேட்டேன். "கெடக்கட்டும்ப்பா. கேட்டுக்கினே இருக்குற வரைக்கும் ஆளு இருக்காருன்னு தெரியுதில்ல."

நாறாம, கத்தாம, கண்ணுக்கே தெரியாம எரியுறது தான் நல்ல எண்ணென்னு ஊரெல்லாம் கூவி வித்த நானு, இப்ப மூக்கப் பொத்திக்கினு புங்கெண்ணெ விக்கிறேன்.