ஷாலினி நைனா லைனில்

வானொலியில் வேலை என்றதும் எல்லாரும் பேசுகிற வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுடையது, பேச்சு நின்றுபோனால் ஓடுகிற வேலை. இன்வெர்ட்டர், சிசிடிவி, கேபிள் என்று எதையாவது மாட்டிக்கொடுத்துவிட்டு ஊராரிடம் திட்டு வாங்கிப் பிழைக்கிற உங்களுக்குச் சொன்னால் புரியும்.

நிலையம் ஆந்திர எல்லையில் நம் நகரியில், விசைத்தறிகள் ஓடுகிற தெருவில், மாடியில் இரண்டு அறை. மேலாளர் பாஸ்கர் சார் திருப்பதி ஆபீஸில் இருப்பார். புதிதாக வந்த கோடெக் பெட்டியைப் பொருத்தும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கேயோ இருக்கிறவர் செல்போனில் ஓர் ஆப் வழியாகக் கூப்பிட்டால், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல அவர் குரலை இன்டர்நெட்டில் கொண்டுவந்து சேர்க்கும் பெட்டி அது. குவைத்துக்கும் ஸ்ரீ சிட்டி தொழிற்சாலைகளுக்கும் பிழைக்கப் போனவர்கள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டாரோடு பேசும் நிகழ்ச்சிக்காக வாங்கினார்கள்.

பேர் என்ன போட?

முதல் வாரமே தேவகி அக்கா மாடியேறி வந்தார். எதிர் வீட்டில் தறி ஓட்டுகிறவர். கணவர் டிரைவர் வேலை என்று குவைத் போய், அங்கே பாலைவனத்தில் ஆடு மேய்க்க விடப்பட்டவர். முதலாளியோடு டவுனுக்கு வரும்போதுதான் சிக்னல். அவர் நம்பருக்கு அடித்தால் எப்போதும் அணைந்தே கிடக்கிறது. இதற்குள் ரீசார்ஜ் பண்ணாமல் அக்காவின் பழைய நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. புது நம்பர் அவருக்குத் தெரியாது. இரண்டு வீட்டாரும் ஒதுக்கிவைத்த கல்யாணம், கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. போன வருஷம், பழைய பெட்டி இருந்தபோது, கணவர் இதே ஆப் வழியாக ஒருமுறை எங்கள் நிகழ்ச்சியில் பேசியிருக்கிறார். அவர் கையில் மிச்சமிருக்கும் ஒரே வழி எங்கள் நிலையத்தின் ஆப் முகவரிதான்.

பழைய பதிவில் அவர் கணக்கைத் தேடியெடுத்து, தெரிந்தவர்கள் வரிசையில் சேர்த்தேன். திரையில் காட்ட ஒரு பேர் வேண்டும், வீட்டுக்காரர் பேர் என்னக்கா என்று கேட்டேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

“அவுரு பேர நான் எப்டி தம்பி சொல்றது? எம் பொண்ணு பேர வெச்சி ஷாலினி நைனான்னு போடு. அப்பான்னா யாரோ மாதிரி கீது.”

யாருமில்லாத அழைப்புகள்

பெட்டியை இன்டர்நெட்டில் திறந்துவிட்டதும் தொல்லை தொடங்கியது. எந்தெந்த நாட்டிலிருந்தோ திருட்டு மென்பொருள்கள் கதவு திறந்திருக்கிறதா என்று தட்டிக்கொண்டே இருக்கும். திரையில் வெறும் எண்கள் வரும், எடுத்தால் ஆள் இருக்காது.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்து அக்கா மூலையில் உட்காருவார். பெட்டி ஒலிக்கிறபோதெல்லாம் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். அது மிஷின்க்கா, உட்காருங்க என்பேன். உட்காருவார். மறுபடி ஒலிக்கும். மறுபடி எழுவார். அவர் எழுவதைப் பார்க்க முடியாமல் ஒருநாள் சத்தத்தையே குறைத்து வைத்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

“மிஷினுக்கு ஊடு இல்ல, கொயந்த இல்ல. அது யார நென்ச்சிகினு தம்பி இப்டி கூப்ட்டுகினே கீது?”

எச்சரிக்கை வரும் போன்

தெரிந்த பேர்களைத் தவிர யாரையும் விடாதே என்று பாஸ்கர் சார் உத்தரவு போட்டார். பூட்டினேன். ஷாலினி நைனாவுக்கு மட்டும் எந்நேரமும் திறக்கும்படி, யாரும் இல்லாவிட்டாலும் பெட்டியே எடுக்கும்படி வைத்தேன். அழைப்பு வந்தால் எஸ்எம்எஸ் போகிற இடத்தில் என் நம்பரோடு அக்காவின் புது நம்பரையும் சேர்த்தேன்.

அந்தப் பெட்டி இதற்கு அதற்கு என்று பிரித்து அனுப்பாது. கரண்ட் போனாலும் எஸ்எம்எஸ், நெட் போனாலும் எஸ்எம்எஸ், எல்லாம் இங்கிலீஷில். நகரியில் கரண்ட் போகிற அழகு உங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அக்கா தறியை நிறுத்திவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடிவருவார். கரண்ட் வந்துடுச்சின்னு சொல்லுதுக்கா என்று நான் படித்துக்காட்டுவேன். தறி முதலாளி எதிர் வாசலில் நின்று கத்துவார்.

“ஏம்மா, நீ என் தறிய ஓட்றியா, அந்த ரேடியோவ ஓட்றியா? எதுனா ஒண்ணுல நில்லு!”

பதினைந்து விநாடி

வானொலியில் சத்தமே இல்லாமல் போவதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. லைனில் பதினைந்து விநாடி குரல் வராவிட்டால் பழுது என்று முடிவுகட்டி, லைனை வெட்டி, ஒரு பாட்டைப் போட்டுவிட வேண்டும். இது நிலையத்தின் விதி, பெட்டி தானாகவே அப்படிச் செய்யும்படி வைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒலிபரப்பு தானாக ஓடிக்கொண்டிருக்க, டீ குடிக்கக் கீழே போயிருந்தேன். போனில் இரண்டு எஸ்எம்எஸ் அடுத்தடுத்து வந்தன. ஷாலினி நைனா இணைந்தார். குரல் இல்லை, துண்டிக்கப்பட்டது. மேலே ஓடினேன். டூயட் பாட்டு போய்க்கொண்டிருந்தது. திருப்பி அழைத்தேன், கிடைக்கவில்லை. மறுபடி அழைத்தேன். அதற்குள் அக்கா போனை நீட்டியபடி வாசலில் நிற்கிறார். இந்த முறையும் கரண்ட் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்ல வரவில்லை.

பதிவை எடுத்து ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. காற்று. தூரத்தில் ஓர் ஆடு. மூச்சை இழுத்து விழுங்குகிற சத்தம். பெட்டியின் கணக்கில் குரல் என்று சேர்த்துக்கொள்ள முடியாத அளவு சன்னம். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். திரும்ப வைக்கச் சொன்னார், வைத்தேன். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் மெதுவாக வைத்தார்.

“அவுருதான். அய்துகினு கீறாரு. அவுருக்கு மொதல்ல கொஞ்ச நேரம் பேச்சே வராது தம்பி, அப்புறம்தான் வரும். உங்க பொட்டிக்கு இன்னா அவ்ளோ அவசரம்?”

அதற்குப் பிறகு அந்தப் பேர் திரையில் வரவில்லை. பாஸ்கர் சாருக்குத் தெரியாமல் ஷாலினி நைனா ஒருவருக்கு மட்டும் அந்தப் பதினைந்து விநாடி விதியை நீக்கிவைத்திருக்கிறேன், எங்கள் வானொலியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசாமல் இருக்க அனுமதி பெற்ற ஒரே ஆள் இன்னும் கூப்பிடத்தான் இல்லை.