அவரவர் பெட்டியில் அடுத்தவர் பட்டா

ஐப்பசி மழையில் அம்மாவின் வீட்டு வடக்குச் சுவர் விழுந்தபோது நான் திண்டிவனத்தில், கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு டி.டி.பி. கடையில் மனு தட்டிக்கொண்டிருந்தேன். 2012 ஆக இருக்க வேண்டும். எங்கள் ஊர் விக்கிரவாண்டி போகும் வழியில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி உள்ளே நடக்கிற தூரம். பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தால், அம்மா விழுந்த மண்ணை வாரி ஓரமாகக் குவித்துவிட்டு, திறந்து கிடந்த பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, உள்ளே உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"சுவருதான வுழுந்துச்சி. நானா வுழுந்தேன்?" என்றாள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளுக்கு அது எங்கே இருக்கிறது என்று நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. மனைப் பட்டா உள்ளவர்களுக்கு அரசாங்கம் கான்கிரீட் வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. பட்டாவை எடு, மனு கொடுக்கிறேன் என்று அதட்டினேன். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு யூரியா பையை எடுத்தாள். அதற்குள் மாதா படத்தோடு சேர்த்துச் சுற்றிய ஒரு காகிதம். ஊரார் காகிதத்தையெல்லாம் படித்துப் பிழைக்கிற நான், எங்கள் வீட்டுக் காகிதத்தை அன்றுதான் முதன்முதலாகப் பிரித்துப் படித்தேன்.

மனை எண் நாற்பத்தொன்று. சரிதான், எங்கள் வீட்டு எண் அதுதான். ஆனால் மனை பெறுபவர் என்ற இடத்தில் யாரோ ஓர் ஆணின் பெயர். அது என் அப்பாவின் பெயர் இல்லை.

"இது யாருமா?"

நான் படித்துக் காட்டிய பெயரை அம்மா ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். "கொத்து வேலைக்குப் போனாரே, மேஸ்திரி அண்ணன். மெட்ராஸ்ல சாரத்துலேர்ந்து வுழுந்து செத்துட்டாரே, அவுரு."

"அவர் பட்டாவ நீ எதுக்கு வெச்சிக்கினு இருக்கற?"

"அவுரு பட்டா இல்லடி. நம்ம மனைப் பட்டாதான். அவுரு பேரு போட்டுக் கெடக்குது. அதுக்கு இன்னா இப்ப?"

அதற்கு என்ன என்று அவளுக்குப் புரியவைக்க அன்று பொழுது போதவில்லை. அவள் எனக்குப் புரியவைத்தாள்.

1993இல், தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமான வருடம், காணி நிலம் இல்லாத எங்கள் சனங்களுக்கு மனை கொடுத்தார்கள். வாய்க்காலுக்கு இந்தப்பக்கம் இருந்த மேட்டு நிலத்தை அளந்து, கல் நட்டு, கல்லில் எண் எழுதினார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு எந்த எண் என்று பதிவேட்டில் எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டு அதிகாரிகள் ஜீப் ஏறிப் போனார்கள். ஜீப் போன புழுதி அடங்கியதும் எங்கள் தெரு தன் வேலையைத் தொடங்கியது. எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள்.

அக்காளும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும் என்று மாற்றினார்கள். கால் ஊனமான பெரியவர் ரோட்டுப் பக்கம் இருக்கட்டும் என்று மாற்றினார்கள். அம்மாவுக்கு விழுந்தது பதினேழு. கைப்பம்புக்கு எதிரில், நல்ல மனை. அதை நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு விழுந்த ஐம்பத்திரண்டு, மேஸ்திரியின் தங்கை மனைக்கு அடுத்தது. அதை மேஸ்திரி எடுத்துக்கொண்டார். மேஸ்திரியின் நாற்பத்தொன்று, வாய்க்கால் ஓரத்து மனை, மிச்சமாக அம்மாவிடம் வந்து சேர்ந்தது. யாரும் யாரிடமும் எழுதி வாங்கவில்லை. எழுதத் தெரிந்தால்தானே.

ஒரு வருடம் கழித்துப் பட்டா வந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் வைத்து, பெயரைச் சொல்லாமல் மனை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். எழுத்து தெரியாவிட்டாலும் எங்கள் சனங்களுக்கு எண் தெரியும். பஸ்ஸை அப்படித்தான் பிடிப்பார்கள். "நாப்பத்தொண்ணு" என்றதும், நாற்பத்தொன்றில் குடிசை போட்டிருந்த அம்மா எழுந்து போய் வாங்கிக்கொண்டாள். இப்படியே தெரு முழுக்க வாங்கிக்கொண்டது. பதினெட்டு வருடம் அவரவர் பெட்டியில் அடுத்தவர் பட்டா பத்திரமாக இருந்தது.

மறுநாள் வீட்டு மனுவோடு தாலுகா அலுவலகத்தில் போய் நின்றேன். பெயர் வேறாக இருக்கிறதே, உங்கள் அம்மாவுக்கு மனை கொடுத்ததற்கே என்ன சாட்சி என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்கு அதிகம் எரிந்தது. கடைக்கு வந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவை என் பெயரில் தட்டினேன். எங்கள் ஊர் மனை ஒப்படைப் பதிவேடு, குலுக்கல் பட்டியல், வரைபடம், எல்லாவற்றின் நகலும் வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். மற்றவர்களுக்காக இதே மனுவை எத்தனையோ தட்டியிருக்கிறேன். சொந்த மனு என்றதும் வில்லையைக் கோணலாக ஒட்டிவிட்டேன்.

மனு இரண்டு மாவட்டத்துக்கும் போய், முப்பது நாள் கெடுவின் கடைசியில் இரண்டு பதில்கள் வந்தன. மாவட்டம் பிரிந்தபோது அந்தக் கோப்பு இங்கே வரவில்லை என்றது விழுப்புரம் அலுவலகம். அப்போதே அனுப்பிவிட்டோம் என்றது பழைய மாவட்டத்து அலுவலகம். மாவட்டத்தைப் பிரித்தவர்கள் எங்கள் தெருவை நடுவில் கீழே போட்டுவிட்டார்களோ என்று கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். பிறகு உட்கார்ந்து, அந்த இரண்டு பதிலையும் இணைத்து மேல்முறையீடு தட்டினேன்.

அடுத்து வந்த கடிதம் என்னை அசத்திவிட்டது. கோப்பு கிடைத்துவிட்டது, இன்ன தேதியில், பதினொரு மணிக்கு, விழுப்புரத்தில் தாங்கள் நேரில் வந்து பார்வையிடலாம்.

அம்மா அதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். "தாங்கள்னு யாரச் சொல்றாங்கோ?"

"என்னத்தான்."

"உன்னயா?" என்று கேட்டுவிட்டு, தார்ப்பாய் ஆடுகிற மாதிரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பண்ணையில் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாத ஒருத்தியின் மகளுக்கு, ஒரு சாதாரண வில்லைக்கு, அரசாங்கம் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன் என்கிறது. அந்தக் கடிதத்தைத் தலையணை அடியில் வைத்துத் தூங்கினேன் என்பதை இப்போது சொன்னால் என்ன.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். விழுப்புரத்தில் ரிக்கார்டு ரூமைக் கவனித்துக்கொண்ட அம்மாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாடாவை அவிழ்த்ததும் நடுவில் நீளமான பதிவேடு. ஒவ்வொரு வரியிலும் ஓர் எண், ஒரு பெயர், அதற்கு எதிரே ஊதா மையில் ஒரு பெருவிரல். பதினேழாவது வரியில் என் அம்மா இருந்தாள்.

நான் விரலை வைத்துக் காட்டினேன். அவள் பெயரைப் பார்க்கவில்லை, ரேகையைப் பார்த்தாள். அதன் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். கரும்பு வெட்டும்போது பட்ட தழும்பு அதே இடத்தில் இருந்தது.

"நாந்தான்" என்றாள், யாரோ கேட்ட மாதிரி.

பிறகு நான் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். அம்மா ஒவ்வொருவரும் எந்த மனையிலிருந்து எந்த மனைக்குப் போனார்கள், ஏன் போனார்கள் என்று சொன்னாள். "இவ மாமியாரோட சண்ட, அதான் அந்தக் கோடிக்குப் போயிட்டா." "இவுரு மாடு வெச்சிக்கினு இருந்தாரு, தண்ணிப் பக்கம் குடுத்தோம்." "இவளுக்குத் தனியா இருக்க பயம், நடுவுல வெச்சோம்." நான் ஒரு நோட்டில் பதிவேட்டின் எண்ணையும் இருக்கிற எண்ணையும் எதிரெதிரே எழுதிக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் எழுத முடியவில்லை. அரசாங்கம் குருட்டாம்போக்கில் போட்ட சீட்டை, எழுதப் படிக்கத் தெரியாத சனங்கள் ஒரே சாயங்காலத்தில் உட்கார்ந்து, யாருக்கு யார் வேண்டும் என்று பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள். நான் ஓடி விளையாடிய தெரு அது. அதை யாரோ யோசித்துக் கட்டினார்கள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

ரிக்கார்டு ரூம் அம்மாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, இவ்ளோத்தையும் எப்படி ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"இதுல மறக்கறதுக்கு இன்னா இருக்குது?" என்றாள் அம்மா.

முத்திரை வைத்த நகல்களை வாங்கிக்கொண்டு மனு கொடுத்த தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, எங்களுக்கு உதவுகிற எண்ணத்தில்தான் சொன்னார்: "பதினேழு உங்க பேர்லயே இருக்குதே. அதுல இப்ப இருக்கறவங்கதான் ஆக்கிரமிப்பு. காலி பண்ணச் சொல்லி ஒரு மனு குடுத்துட்டு, அங்க வூடு கட்டிக்குங்க. சுலபமா முடிஞ்சிரும்."

ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். மறைப்பானேன்? பதினேழு அப்போது சிமெண்ட் ரோட்டு மேல் இருந்தது. அம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அவள அங்க குடி வெச்சதே நான்தான், சார். நானே போய் எப்படி எழுப்பறது? எனக்குத் தார்ப்பாயே போதும். வாடி போலாம்."

நான் அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, வேறு வழி கேட்டேன். இருந்தது. பதிவேட்டில் பெயர் உள்ளவரோ அவர் வாரிசோ, இப்போது இருப்பவருக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்தால், பெயரைத் திருத்தலாம். ஞாயிறு பூசை முடிந்ததும் தெருவில் பாய் விரித்துப் பட்டியலைப் படித்தேன். ஆளாளுக்குப் பெட்டியைத் திறந்து பட்டாவை எடுத்துவந்தார்கள். அவரவர் பெயர் யார் வீட்டில் இருந்தது என்று தெரிந்ததும் ஒரே சிரிப்பும் கிண்டலும். அம்மா பதினேழுக்குக் கைநாட்டு வைத்தாள். ஒருவர்கூட மறுக்கவில்லை.

எங்கள் நாற்பத்தொன்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் மட்டும் ஊரில் இல்லை. மேஸ்திரியின் மகன். அப்பா செத்த பிறகு தாயோடு சென்னைக்குப் போனவர், அங்கே ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலை நான்கு வழியான பிறகு எங்கள் பக்கமெல்லாம் மனை புரோக்கர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டில் இருப்பது அவருடைய அப்பா பெயர். மாட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், அம்மாவுக்கு வீடும் இல்லை, மனையும் இல்லை. அவர்கள் விட்டுப்போன ஐம்பத்திரண்டையும் பக்கத்து மனைக்கார அத்தை குடும்பம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள்தான் போன் போட்டுச் சொன்னார்கள்.

அவர் வருகிற நாளுக்கு நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். சட்டப் பிரிவுகளைப் போட்டு ஒரு பக்கத்துக்கு மிரட்டல் தட்டி வைத்திருந்தேன். இருபது வயதைத் தாண்டிய, மெலிந்த ஆள். தார்ப்பாயை விலக்கிக் குனிந்து உள்ளே வந்தார். அம்மா டீ கொடுத்தாள். நான் நகலை அவர் முன்னால் வைத்து, நாற்பத்தொன்றாவது வரியைக் காட்டி, பேசத் தொடங்கினேன். அவர் கேட்கவே இல்லை.

"அக்கா, இது எங்கப்பா போட்டதா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். பார்க்காமல் என்ன, நூறு முறை பார்த்திருக்கிறேன். எதிராளியின் வரியாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் முழுக்கப் பெருவிரல்கள். நாற்பத்தொன்றில் மட்டும் ஒரு கையெழுத்து. பெரிய பெரிய எழுத்துகள், கட்டத்துக்குள் அடங்காமல் மேலே ஏறி, கடைசி எழுத்து அடுத்தவர் ரேகைமேல் போய் நின்றது.

"எங்கப்பாவுக்குக் கையெழுத்து போடத் தெரியுமா? எங்கம்மா சொன்னதே இல்ல."

"கரித்துண்ட வெச்சிக்கினு மாதா கோயில் பின்சுவத்துல எழுதி எழுதிப் பழகனாரு" என்றாள் அம்மா. "அதுக்குச் சாமியார்கிட்ட திட்டு வேற வாங்கனாரு. மனை குடுக்க வந்தாங்களே, அன்னிக்கி இவுரு ஒருத்தருதான் மை வேணா, பேனாவ குடுங்கன்னு கேட்டாரு. நாங்கள்லாம் சிரிச்சிட்டோம்."

அவர் அந்தக் கையெழுத்தின்மேல் விரலை வைத்து, எழுத்து போன வழியிலேயே மெதுவாக ஓட்டிப் பார்த்தார். "எங்க வூட்ல அவுரு போட்டோ கூட இல்லக்கா. நான் அப்பதான் நடக்கக் கத்துக்கினு இருந்தேனாம்."

சம்மதக் கடிதத்தை அவரே இழுத்துக் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள், தம்பி என்று சொல்ல எனக்கு அப்போதுதான் வாய் வந்தது.

"எங்கப்பா குடுத்தத நான் இன்னாத்துக்குக்கா படிக்கணும்?" என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இந்த ஒரு பக்கத்த மட்டும் எனக்குத் தர்றீங்களா?"

மிரட்டல் காகிதம் என் கைப்பைக்குள் கிடந்தது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. முத்திரை வைத்த நகலைக் கோப்பிலிருந்து உருவிக் கொடுத்தேன். எனக்கு வேண்டுமென்றால் மறுபடி மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நாற்பத்தொன்று அடுத்த வருடம் அம்மா பெயரில் வந்தது. அதன்பின் வீடும் வந்தது. ஆனால் தகவல் மனு தட்டும் ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவு வருவது மேஸ்திரி மகன் வந்துபோன அந்தச் சாயங்காலம்தான். அவரை ரோட்டுவரை கொண்டுவிடப் போனேன். சென்னை பஸ் கூட்டமாக வந்தது. உட்கார இடமில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மடிக்கவில்லை. ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அந்தத் தாளைக் கசங்காமல் நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டே போனார்.