வாய் திறந்த நொடி

தக்கலையில் ஒரு துணிக்கடை மாடியில் இயங்கும் யூட்யூப் செய்திச் சேனலில் எனக்கு வேலை. வெளியூர்க்காரர்கள் கேட்டால் பெரிய பத்திரிகையாளர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு மண்ணும் இல்லை. முகம் பொறுக்குகிற வேலை. வீடியோவைத் திறக்கும் முன்னால் ஒரு படம் தெரியுமே, தம்ப்னெய்ல், அதற்கு ஏற்ற முகத்தை எடுத்து, மேலே மஞ்சள் எழுத்தில் நாலு வார்த்தை போட வேண்டும். இந்த வேலையால் என் அக்காவுக்கு நான் செய்த கெடுதியைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு வெளிநாட்டுப் பாராளுமன்றத்தில் கறுப்பினப் பெண் உறுப்பினர் ஒருவர் ஆஸ்பத்திரிகளைப் பற்றிக் கேள்வி கேட்ட வீடியோ ஒருநாள் வந்தது. நாற்பது நிமிடத்தையும் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், தண்ணீர் குடித்தார், எதிர்வரிசைக்காரர் சொன்னதற்குச் சிரிக்கக்கூடச் செய்தார். குரல் ஏறவே இல்லை. நான் எடுத்தது ஒரே ஒரு நொடி. எந்த மனுஷரானாலும் ‘ஆ’ என்று வாய் திறக்கும் இடத்தில் நிறுத்தினால் கடிக்க வருகிற மாதிரிதான் இருக்கும். ‘சபையை அலறவிட்ட கறுப்புப் பெண்’ என்று போட்டேன். சேனலை நடத்தும் அண்ணன் வந்து பார்த்தார்.

“கொள்ளாம் மக்கா. சிரிச்ச மூஞ்சிய எவன் பாப்பான்?”

அப்படிச் செய் என்று அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை. வெள்ளைக்காரப் பெண் அமைச்சர் என்றால் என் கை கண் கலங்கிய படத்தைத் தேடும். கறுப்புப் பெண் என்றால் பல் தெரிகிற படத்தைத் தேடும். அந்த உறுப்பினர் அழுதிருந்தாலும் என் கண்ணில் பட்டிருக்காது. நான் பார்த்த வெளிநாட்டு சினிமாக்களில் கறுப்புப் பெண்கள் ஒன்று சத்தம் போடுவார்கள், இல்லையென்றால் யாருக்கோ சமைத்துப் போட்டு ஆறுதல் சொல்வார்கள். அதைப் பார்த்தே கை பழகிவிட்டது. இத்தனைக்கும் நானே நல்ல கறுப்பு. பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத பட்டப்பெயர் இல்லை. வெட்கங்கெட்டவள், அதே வேலையை இன்னொருத்திக்குச் செய்தேன்.

அக்கா என்னைவிடக் கறுப்பு. தையல் தைக்கிறாள், பஞ்சாயத்தில் வார்டு உறுப்பினராகவும் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் திருச்சபையில் வேதபாடம் வாசிப்பதும் அவள்தான். குவாரியிலிருந்து கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் எங்கள் பள்ளிக்கூட ரோட்டில்தான் ஓடுகின்றன. பிள்ளைகள் போய்வரும் நேரத்தில் மட்டுமாவது லாரி ஓடக் கூடாது என்று அவள் கிராமசபையில் பேசினாள். அந்த வீடியோவும் என் மேசைக்கு வந்தது. குவாரிக்காரர் சேனலுக்கு வேண்டப்பட்டவர்.

“அண்ணே, இது எங்க அக்கா. நான் செய்ய மாட்டேன்” என்றேன்.

“செய்யாண்டாம். தள்ளி இரி, நானே செய்யேன். நீ செய்யத பாத்துப் படிச்சதுதானே” என்றார்.

என் நாற்காலியில் உட்கார்ந்து, சரியாக ‘ஆ’வில் நிறுத்தினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மவுஸைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் ஊர் முழுக்கச் சுற்றியது. ‘இவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புங்க’ என்று ஒருத்தன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே இன்னொருத்தன், நான் முன்பு செய்த அந்த வெளிநாட்டுப் பெண்ணின் படத்தை ஒட்டி, ‘அக்கா தங்கச்சி’ என்று எழுதியிருந்தான். லாரியைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் அக்காவிடம் வந்து, அடுத்த மாதம் வாசிப்புக்கு வேறு ஆளைப் போட்டிருக்கிறோம், நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: “ஏட்டி, நான் அப்பிடியா பேசினேன்?”

முழு வீடியோவையும் போட்டுக் காட்டினேன். ஏழு நிமிடம். கைகட்டி நின்று, ஒவ்வொருவரையும் ‘அய்யா’ போட்டுத்தான் பேசியிருந்தாள். அவளோ அந்த ஒரு நொடியைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். தன் முகத்தை யாரோ ஒருத்தியின் முகம் போல உற்றுப் பார்த்தாள்.

“முகம் பாக்கது உனக்க வேலைதானே. எப்பிடிப் பேசுனா இப்பிடி வராது? சொல்லித்தா.”

எனக்கு என் மேலேயே எரிச்சல். அதை அவள் மேல் காட்டினேன்.

“பேசாம இருந்தா வராது.”

அவள் கோபப்படுவாள், ரெண்டு திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுத் தையல் மிஷினுக்குப் போய்விட்டாள்.

அடுத்த கிராமசபைக்கு நானும் போயிருந்தேன். பள்ளிக்கூட ரோட்டில் லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு தேவையில்லை என்று தீர்மானம் வாசித்தார்கள். எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு சிரித்தாள். ஆட்சேபம் உண்டா என்று தலைவர் ரெண்டு தடவை கேட்டார். அவள் தீர்மான நோட்டை வாங்கி, மற்றவர்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு அக்கா மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ரோட்டில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.