பல்லியும் ஒரு பொக்கைவாயும்

பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் கொட்டாவி விடத் தொடங்கியதுமே அவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு முன்னால் சாய்கிறாள். வாய் முழுதாகத் திறக்கும் அந்த ஒரு நொடிக்குள் மேல்வரிசை, கீழ்வரிசை, கடைவாய் என்று கண்ணாலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறாள். சொத்தை தென்பட்டால் நாக்கு தானாக "ச்சு ச்சு" என்கிறது. கொட்டாவி விட்டவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். நெரிசலில் இப்படி உற்றுப் பார்ப்பவர்களைப் பற்றி அவர் வேறு மாதிரி கேள்விப்பட்டிருக்கிறார்.

பல் மருத்துவக் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறாள். பல் படிப்பதாலும் அந்த "ச்சு ச்சு"வாலும் கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர் பல்லி. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒல்லியா வேற இருக்கேன், வெளிறிப் போயும் இருக்கேன். செவுத்துல ஒட்டினா தனியாத் தெரிய மாட்டேன். யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க" என்று தானே எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்குமுன் தானே சிரித்து முடித்துவிடுவது அவள் வழக்கம்.

இந்தப் பழக்கம் வந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. சின்ன ஊரிலிருந்து வந்து கல்லூரியில் சேர்ந்த முதல் நாள். மாடிமேல் மாடியாக எழும்பி நின்ற கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தவள், துடைத்து வைத்த கண்ணாடிக் கதவில் நேராகப் போய் மோதினாள். முன்பல்லின் ஓரம் தெறித்தது. மூத்த மாணவர்கள் அவளை நாற்காலியில் சாய்த்து, ஆளுக்கொரு யோசனை சொல்லி, ஒட்டுப் போட்டு அனுப்பினார்கள். அந்த ஒட்டு இன்றைக்கும் பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்சம் கூடுதல் வெளுப்பு. "பல்லு சரிபண்ணிக்க எல்லாரும் அங்க போவாங்க. உடைச்சுக்கன்னே போனது நான் ஒருத்திதான்" என்பாள்.

தங்கியிருப்பது ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு மேலே, ஒற்றை அறையில். கீழே யாராவது எடையைத் தூக்கித் தொப்பென்று போடும்போதெல்லாம் சன்னலோரம் வரிசையாக வைத்திருக்கும் பிளாஸ்டர் தாடைகள் கடகடவென்று ஆடும். தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருமுறை அதைப் பார்த்ததிலிருந்து கேனை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார். அறைத்தோழி சட்டம் படிக்கிறாள். பல்லி அவளைக் கூப்பிடுவது 'வக்கீலம்மா' என்று. செயற்கைப் பல் பதிக்கும் மெழுகைப் பல்லி டீப் பாத்திரத்தில் உருக்கிய மறுநாள், வக்கீலம்மா டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"டீ மேல எண்ணெய் மாதிரி மிதக்குதே, என்னடி?"

"நல்லா கழுவினேனே..."

"இது கொலை முயற்சி. எந்தப் பிரிவுன்னு சாயங்காலம் பாத்துட்டு வந்து சொல்றேன்."

கடைசி ஆண்டுத் தேர்வில் ஒரு பகுதி, முழுப் பல்செட் செய்து காட்டுவது. அதற்குரிய ஆளை மாணவர்களே தேடிப் பிடித்துவர வேண்டும். ஒரு பல்கூட மிச்சமிருக்கக் கூடாது. தேர்வுநாளில் வந்து வாயைத் திறந்து உட்காரவும் வேண்டும். இத்தனை லட்சம் பேர் நெரியும் ஊரில் அப்படி ஒருவர் கிடைக்காமலா போவார் என்றுதான் பல்லியும் நினைத்தாள். தேடத் தொடங்கிய பிறகுதான் பொக்கைவாய்க்காரர்களுக்கு இந்த ஊரில் இருக்கும் கிராக்கி தெரிந்தது. பூங்காவில் பேசிப் பழகி வைத்திருந்த ஒருவரை, வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் மாணவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். வாசகசாலையில் பார்த்த இன்னொருவரின் வாயில் கடைசி நேரத்தில் ஒரே ஒரு கடைவாய்ப்பல் தட்டுப்பட்டது. "அதைப் பிடுங்கிடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். சத்தியமா யோசிச்சேன்" என்று வக்கீலம்மாவிடம் ஒப்புக்கொண்டாள்.

அந்தக் கவலையோடுதான் ஒரு சாயங்காலம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தாள். அவள் போக வேண்டியது சந்தைச்சாலை. புத்தகத்தில் முகத்தைப் புதைத்திருந்தவளின் காதில் ஒலிபெருக்கி "ஷ...ஐஷ்ஷாலை" என்றது. ஓடிப்போய் ஏறினாள். உள்ளே உட்கார இடமும் கிடைத்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கடைசி நிறுத்தத்தில் தலைநிமிர்ந்து பார்த்தால், எதிரே நெடிய மதில், இரும்புக் கதவு, துப்பாக்கியோடு ஒரு காவலர். சிறைச்சாலை.

"பாக்க வந்தீங்களா, உள்ள வர வந்தீங்களா?" என்று கேட்டார் காவலர்.

திரும்பி வந்தவள் நேராக அறிவிப்பாளரின் அறைக்குப் படியேறினாள். பேருந்து நிலையத்தின் மொத்த இரைச்சலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும் சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு மைக், அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சண்டையை அவள் தொடங்கினாள்.

"ஏன் சார், ஒரு ஊர் பேரை ஒழுங்கா சொல்லக்கூடாதா? என்னைக் கொண்டுபோய் ஜெயில் வாசல்ல..."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பல்லியின் பேச்சு பாதியிலேயே நின்றது. ரோஜா நிறத்தில், வழவழவென்று, மேலும் கீழும் ஒன்றுமே இல்லாத ஈறு.

"சார்," என்றாள், குரல் குழைந்து. "கொஞ்சம் நல்லா திறங்களேன்."

அவர் பயந்துபோய் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு விரல்களுக்கு நடுவிலிருந்து தன் கதையைச் சொன்னார். (அவர் பேச்சைப் பல்லோடு எழுதியிருக்கிறது, பல்லியின் காதில் விழுந்தது வேறு.) "ஈறு கெட்டுப்போய் எல்லாத்தையும் எடுத்துட்டாங்கம்மா. ஒரு செட்டு கட்டிக்கிட்டேன். போட்டா புண்ணு, கழட்டினா நிம்மதி. டிராயர்ல கெடக்கு. மேனேஜர் பதிவு பண்ணின குரலை ஓட விடற மிஷின் வாங்கப் போறாராம். வந்துட்டா எனக்கு இங்க என்ன வேலை?"

"நான் செஞ்சு தரேன் சார். உங்க நல்லதுக்குன்னு சொன்னா பொய். எனக்குத்தான் வேணும். நீங்க வரலைன்னா நான் ஃபெயில்."

அவர் வாயிலிருந்து கையை எடுத்தார். "அப்ப ரெண்டு பேருமே ஃபெயிலாகுற நிலைமையில இருக்கோம்னு சொல்லு" என்றார்.

வீடு திரும்பும் பேருந்தில் அம்மாவுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னாள். "அம்மா, ஆள் கிடைச்சாச்சு! வயசா? அறுபதுக்கு மேல இருக்கும். ஒரு பல்லுகூட இல்லைம்மா! ஆமா, அவரும் சரின்னுட்டார். எனக்கு அழுகையே வந்துருச்சு." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல கட்டாயப்படுத்துறாங்களா கண்ணு? என்கிட்ட சொல்லு" என்றார்.

அறிவிப்பாளர் விடுப்பு நாட்களில் கல்லூரிக்கு வந்தார். வந்த முதல் நாளே மீசையை இழந்தார். ஈறின் அளவை எடுப்பதற்காகக் கலவையை அப்பிய தட்டை வாய்க்குள் வைத்ததும் அவருக்குக் குமட்டியது. அவரைவிட அதிகமாகப் பதறிய பல்லி, தட்டைக் கைநழுவ விட்டாள். கலவை மீசையில் இறங்கி இறுகிவிட்டது. பாதியை வெட்டித்தான் எடுக்க முடிந்தது. மீதியை அவரே போய் மழித்துக்கொண்டு வந்தார். "வீட்ல அடையாளம் தெரியலை. பேசினப்புறம்தான் கதவைத் திறந்தாங்க" என்றார். பல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "விடும்மா. மீசை வளரும். பல்லுதான் வளராது."

பல்செட் தயாராகி அவர் அதை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன நாளில், பல்லி பெருமையோடு நிலையத்தில் போய் நின்றாள். ஒலிபெருக்கி செருமியது. "சந்தைச்சாலை" என்று ஆரம்பித்தது. அந்த முதல் எழுத்திலேயே முன்பல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு விசில் கிளம்பியது. கூரான, நீளமான, கண்டக்டர் விசில். கிளம்பத் தயாராக நின்ற பேருந்து ஒன்று, விசில் அடித்தாயிற்று என்று நம்பிப் புறப்பட்டே விட்டது. அதன் கண்டக்டர் டீ கிளாஸோடு பின்னாலேயே ஓடினார். பல்லி ஒரு தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். பேருக்கேற்ற மாதிரி சுவரோடு ஒட்டி நின்றது அன்றைக்குத்தான் என்று இப்போதும் சொல்வாள்.

முன்பல்லுக்குப் பின்னால், நாக்கு போய்த் தொடும் இடத்தில் பள்ளம் கூடிவிட்டது என்று கண்டுபிடிக்கப் பல நாள் ஆனது. அந்த இடத்தில் மெழுகைக் கொஞ்சம் பூசுவாள், அவர் "சந்தைச்சாலை, சிறைச்சாலை" என்பார், விசில் வரும், மெழுகைச் சுரண்டுவாள், திரும்பப் பூசுவாள். அறையில் அவள் தூக்கத்திலும் "சந்தைச்சாலை" என்று முனகியதாக வக்கீலம்மா சாட்சி சொல்லியிருக்கிறாள். கடைசியில் ஒரு மத்தியானம் அவர் சொன்னபோது சொல் மட்டும் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். அவர் நிலையத்தின் எல்லாத் தடங்களையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

தேர்வுநாளன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்களின் பொக்கைவாய்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் உட்கார்ந்தன. பல்லியின் நாற்காலி மட்டும் காலி. அறிவிப்பாளரின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. காரில் ஆள் பிடித்த முதல் மாணவன் அக்கறையோடு பக்கத்தில் வந்து, "வேற வாய் எதுவும் கைவசம் இல்லையா?" என்று கேட்டான். அவள் வெள்ளைக் கோட்டோடு மழையில் ஓடினாள்.

நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. பாலத்தடியில் தண்ணீர் தேங்கி, பாதித் தடங்கள் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தன. எது எங்கே நிற்கும் என்று ஓட்டுநர்களுக்கே தெரியவில்லை. அத்தனை இரைச்சலுக்கும் மேலே, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அந்தக் குரல் மட்டும் கேட்டது. கூட்டம் முழுக்க ஒலிபெருக்கியைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றது. (அந்த நேரத்திலும் ஒருவருக்கு ஈறு வீங்கியிருந்தது அவள் கண்ணில் பட்டது, அதை என்ன செய்வது.)

அவள் மனத்தில் அப்போது பெருந்தன்மை எதுவும் இல்லை, பரீட்சைதான் இருந்தது. படியேறிப் போய் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "சார், வாங்க. நேரமாச்சு."

அவர் மைக்கைக் கையால் மூடினார். "பாரும்மா கீழே. ஒரு நிமிஷம் நான் நிறுத்தினா என்ன ஆகும்?"

பார்த்தாள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், குரல் நின்றுவிட்டதே என்று மேலே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். பல்லிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சட்டைக் கையை விட்டாள். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாய் உலர்ந்தால் செட் நழுவும் என்று படித்திருந்தாள். எனவே ஒவ்வோர் அறிவிப்புக்கும் இடையில் தண்ணீர் டம்ளரை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். அவர் குடிப்பதும் கூப்பிடுவதுமாக இருந்தார். கூட்டம் வடிந்து, வழியும் சரியானபோது மேனேஜரே மேலே வந்தார்.

"மிஷினை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். "இன்னிக்கு அது இருந்திருந்தா எல்லாரையும் தண்ணிக்குள்ளயே அனுப்பியிருக்கும்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெளியூர்த் தேர்வாளர் பையை மூடிக்கொண்டிருந்தார். பல்லியின் நனைந்த கோட்டையும் பின்னால் மூச்சிரைத்து நின்ற மனிதரையும் பார்த்து, பெருமூச்சோடு மறுபடி கையுறை மாட்டினார். செட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. கடிக்கச் சொன்னார், பொருந்தியது. கீழ் ஈறில் ஓரிடத்தில் உரசிச் சிவந்திருந்தது. அதற்கு முகத்தைச் சுளித்தார். பிறகு, "பேச்சு எப்படி இருக்குன்னு பாப்போம். ஏதாவது சொல்லுங்க" என்றார்.

அறிவிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. காலையிலிருந்து கத்தியதில் தொண்டை மொத்தமாகக் கட்டிவிட்டிருந்தது. மறுபடி முயன்றார். தூரத்தில் யாரோ டயருக்குக் காற்றடிப்பது போல ஒரு சத்தம்.

"இப்படித்தான் பேசுவாரா?" என்றார் தேர்வாளர்.

"காலையில நீங்க கேட்டிருக்கணும் சார்" என்றாள் பல்லி. அதற்குமேல் விளக்க முயன்றபோது மழை, பாலம், சிறைச்சாலை, விசில் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வந்தன. தேர்வாளர் கையுறையைக் கழற்றியபடி வெகுநேரம் சிரித்தார். தேர்ச்சி போட்டார், மயிரிழையில். பேச்சுக்குரிய மதிப்பெண்ணை மட்டும் கொடுக்கவில்லை. "பேசியே பொழைக்கிற ஆளைக் கூட்டிட்டுப் போய், பேச்சுலயே மார்க்கை விட்டவ நான்" என்று வெளியே வந்ததும் அவளே சொல்லிக்கொண்டாள். அவர் குரலில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

மழை விட்டிருந்தது. கல்லூரி வாசலில் தள்ளுவண்டிக்காரர் பழங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அறிவிப்பாளர் அங்கே நின்று, சிவந்த, கெட்டியான ஓர் ஆப்பிளை எடுத்தார். "வேணாம் சார். முன்பல்லால கடிச்சா செட்டு கழண்டு விழுந்துரும். சின்னச் சின்னதா நறுக்கி, ரெண்டு பக்கமும் மென்னுதான் சாப்பிடணும். சொன்னேனில்ல?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே பழத்தைச் சட்டையில் தேய்த்தார், கண்ணை மூடிக்கொண்டார், வாயை அகலத் திறந்து பழத்தைக் கொண்டுபோனார்.

அவர் கடித்த அதே கணத்தில், பல்லியின் இரு கைகளும் குவிந்து அவர் தாடைக்குக் கீழே போய் நின்றன.