நாற்பது பார்சலும் நாலு பொம்பிளைகளும்

மத்தியானச் சாப்பாடு கொடுத்துப் பிழைக்கிறவர்களே, உங்களிடம் ஒரு கேள்வி: பன்னிரண்டு மணிக்கு நாற்பது பேருக்குப் பசிக்கும், உங்கள் குசினியிலோ நாலு பொம்பிளைகள் நாலு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றால் என்ன செய்வீர்கள்? நான் அழுதனான். ஈச்சிலம்பற்றுப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரைக்கும் படித்தேன், ஆட்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று அங்கே ஒரு பாடமும் இருக்கவில்லை.

கலியாணம் முடித்து அன்புவழிபுரத்துக்கு வந்த பிறகு, மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு சோத்துப் பார்சல் கட்டத் தொடங்கினேன். துறைமுகப் பக்கத்தில் படகு திருத்தும் யாட் ஒன்றில், "ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்க்கிறம், பிடிச்சால் தொடர்ந்து எடுக்கிறம்" என்றார்கள். பிடிக்காவிட்டால் வேறொருவர் தயாராக நின்றார். எனக்கு வேறு வழி ஒன்றுதான் இருந்தது. மூன்று வயது மகளை மாமியிடம் விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவது. அதற்கான ஃபோம் நிரப்பாமல் அலுமாரிக்குள் கிடந்தது.

ஒரு பார்சலுக்கு ஐந்து நிமிடம்

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற பரீதா ராத்தா, பார்சல் கட்டினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவ்வளவு வடிவு. ஆனால் ஒன்றுக்கு ஐந்து நிமிடம். பருப்பு சோற்றில் ஓடக்கூடாது, சம்பல் மீனில் படக்கூடாது, லஞ்ச் ஷீட்டின் மடிப்பு நேராக இருக்க வேண்டும். நாற்பது பார்சலை அவரிடம் விட்டால் யாட்டில் இரவுச் சாப்பாடுதான் சாப்பிடுவார்கள். இரண்டாம் நாள் பொறுக்க ஏலாமல், "ராத்தா, நீங்கள் போய் மீனைக் கழுவுங்கோ" என்று அனுப்பினேன்.

மீனைக் கையில் எடுத்தவர் கழுவவில்லை. செவுளைத் திறந்தார், மணந்தார், கண்ணை அமத்திப் பார்த்தார். "இது நேத்தையான் மீன் புள்ள" என்றார். வெட்டிக் கழுவிக் குழம்பில் போட்டிருந்தால் நாற்பது வயிறும் என் பேரைச் சொல்லியிருக்கும். அன்றிலிருந்து மீன் தெரிந்தெடுப்பதும் உப்புப் பார்ப்பதும் ராத்தாவின் வேலை. சந்தையில் ஒரு பாரை வாங்க அவர் எட்டுப் பாரையைப் புரட்டுவார். ஒரு கிழமைக்குப் பிறகு மீன்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, நாளைக்கு நீங்களே வாங்கோ. அந்த ராத்தா மணந்து பார்த்துட்டு வைக்கிற மீனை வேற ஒருத்தரும் வாங்கிறாங்கள் இல்லை."

கேட்டடியில் கமலாக்கா

கமலாக்கா சண்டைக்காரி. மூடியை மாற்றி வைத்தால் சண்டை, பைப்பை இறுக்கிப் பூட்டினால் சண்டை. ஒரு நாள் யன்னலோடும் சண்டை பிடித்தார், காற்றுக்கு அடிபடுகிறதாம். குசினி அமைதியாக இருக்கட்டும் என்றுதான் அவரைப் பார்சலோடு ஆட்டோவில் ஏற்றினேன். வேறு ஞானமெல்லாம் எனக்கு வரவில்லை.

அதுவரை யாட் கேட்டில் எங்கள் ஆட்டோ அரை மணித்தியாலம் காயும். காவலுக்கு நிற்கிற அண்ணை பையைத் திறப்பார், பார்ப்பார், ஃபோனில் கதைப்பார், மறுபடி திறப்பார். சோறு ஆறிவிடும். கமலாக்கா போன முதல் நாள் சொன்னாராம், "நல்லாத் திறந்து பாருங்கோ. ஆனா திறந்த நாற்பதையும் நீங்கள்தான் திரும்பக் கட்டித் தர வேணும். மடிப்பு பிழைச்சால் விடமாட்டன்." ஒரு பார்சலை அவர் கையில் கொடுத்துக் கட்டவும் வைத்தாராம். அடுத்த நாள் அந்த அண்ணை எனக்குக் கோல் எடுத்தார்: "அக்கா வெளிக்கிடேக்குள்ள ஒரு மிஸ் கோல் தாங்கோ தங்கச்சி, நான் கேட்டைத் திறந்துபோட்டு அங்கால போய் நிக்கிறன்."

வெள்ளிக்கிழமைச் சைவம்

வெள்ளிக்கிழமை பதினொரு பேருக்குச் சைவம். சைவப் பார்சலுக்குச் சிவப்பு ரப்பர் லாஸ்டிக், மீனுக்குப் பச்சை. மெர்சியக்கா வாய் ஓயாதவர். தன் மச்சாள் கலியாணத்தில் கேக் சரிந்த கதையைச் சொல்லிக்கொண்டே லாஸ்டிக் போட்டார். கேக் சரிந்த இடத்தில் நிறமும் மாறிவிட்டது. விரதம் பிடித்த வெல்டிங் அண்ணை பார்சலைத் திறந்தால், பாரைத் தலை அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

யாட் மனேஜர் கோல் எடுத்து, "இன்னொரு பிழை வந்தால் நிப்பாட்டிப்போடுவம்" என்றார். அன்றே மெர்சியக்காவை வேலையிலிருந்து நிற்பாட்ட நினைத்தேன். அதற்குள் அவர் மன்னிப்புக் கேட்க யாட்டுக்குப் போய்விட்டார். ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்தவருக்கு நாற்பது பேரும் பாடம்: யாருக்குச் செவ்வாயும் சைவம், யாருக்குப் பிரஷர், யாருக்கு இறால் ஒத்துவராது, யாருடைய மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போயிருக்கிறார். லாஸ்டிக்கைக் கைவிட்டோம், அவர் சொல்லச் சொல்ல நான் பார்சலில் பேர் எழுதினேன். விரதம் முறிந்த வெல்டிங் அண்ணை பிறகு என்னிடம் சொன்னார்: "மீன் வந்தது பிழைதான். ஆனா அந்த அக்கா என்னோட கதைச்ச அளவுக்கு என்ட மனிசி ஒரு வருசமாக் கதைக்கேல்லை."

கடைசி நாள்

மாதத்தின் கடைசி நாள், குசினியைப் பார்த்து அங்கேயே சாப்பிட வருவதாக மனேஜர் சொன்னார். ராத்தா ஏற்கனவே உப்புப் பார்த்திருந்த குழம்பில், பதற்றத்தில் நானும் ஒரு பிடி போட்டேன். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளைத் தூக்கிவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு பிடி. ராத்தா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். அவர் முகம் போன போக்கில் அலுமாரிக்குள் கிடந்த ஃபோம் என் கண்ணுக்குள் வந்தது. ஒழுங்கையில் கார் சத்தம் கேட்டது.

"ராத்தா, எவ்வளவு நேரம் வேணும்?"

"அரை மணித்தியாலம். அவசரப்படுத்தாத புள்ள."

"கமலாக்கா, ஒழுங்கையில மறியுங்கோ. மெர்சியக்கா, கமலாக்கா விட்டாலும் நீங்கள் விடாதீங்கோ."

கார் விட்ட இடம் சரியில்லை என்று கமலாக்கா மூன்று தரம் பின்னுக்கு எடுக்க வைத்தார். முற்றத்தில் மெர்சியக்கா கதிரை போட்டு, மனேஜர் பிறந்தது வெருகலில் என்று கண்டுபிடித்து, அங்கே தனக்குத் தெரிந்த வீடு வீடாகக் கதையிலேயே கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ராத்தா பாதிக் குழம்பை வழித்து வெளியே ஊற்றினார். புதுத் தேங்காய் திருவினார், பால் பிழிந்தார், உருளைக்கிழங்கு சீவிப் போட்டார். ஒரு துண்டும் கோணலில்லை. அந்த நிதானத்தைப் பார்த்து முதல் தடவையாக நான் அடுப்படியை விட்டு விலகி நின்றேன்.

மனேஜர் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். "திங்கள் தொடக்கம் தொடர்ந்து அனுப்புங்கோ" என்று கையைத் துடைத்தவர், எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒராள் சமைக்கிறா, ஒராள் சண்டை பிடிக்கிறா, ஒராள் கதைக்கிறா. நீங்கள் என்ன தங்கச்சி செய்யிறனீங்கள்?"

அவர் போனதும் ஃபோமை எடுத்து மகளிடம் கொடுத்தேன். அவள் அதில் பென்சிலால் பெரிய மீன் ஒன்று கீறினாள். மனேஜர் கேட்டதை இப்போது யாராவது கேட்டால் சொல்வேன்: ஒவ்வொருத்தரையும் அவரவர் குறையோடு சேர்த்துச் சரியான இடத்தில் நிற்பாட்டிவிட்டு, நான் அடுப்படிக்குப் போகாமல் இருப்பதுதான் என் வேலை. திங்கட்கிழமை காலையில் அது கொஞ்சம் மறந்துபோய்ச் சட்டிக்குக் கிட்டப் போனேன். பரீதா ராத்தா தேங்காய் திருவுவதை நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"உன்னக் கெஞ்சிக் கேக்கிறன் புள்ள, அந்த உப்புப் போத்தலை இஞ்ச தா."